மயகோவ்ஸ்கயா மெட்ரோ நிலையம்: அழகு எஃகில் இருக்கிறதா, கூரைச் சித்திரத்தில் இருக்கிறதா?

வரைபலகை (இழையைத் தொடங்கியவர்)

மாஸ்கோ மெட்ரோவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சரவிளக்குகளும் சலவைக்கல்லும் சிலைகளும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. பாட்டாளிகளுக்குக் கட்டப்பட்ட அரண்மனைகள் என்ற பழைய வாசகத்தைச் சொல்லி, எல்லா நிலையங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறோம். அந்த மூட்டையிலிருந்து ஒரே ஒரு நிலையத்தை வெளியே எடுத்து நிதானமாகப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மயகோவ்ஸ்கயா நிலையம் 1938 செப்டம்பர் 11 அன்று திறக்கப்பட்டது. மாஸ்கோ மெட்ரோவின் முதல் தடம் 1935 மே 15 அன்று 13 நிலையங்களுடன் ஓடத் தொடங்கியது. அதற்கு அடுத்த கட்டத்தில், அன்றைய கோர்க்கித் தெருவின் அடியில் சென்ற பாதையில், தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்தில் இது அமைந்தது. கட்டடக் கலைஞர் அலெக்ஸி துஷ்கின். அப்போது அவர் முப்பதுகளின் முற்பகுதியில் இருந்தார். 1935 இல் திறந்த முதல் தடத்திலேயே, இன்று க்ரபோத்கின்ஸ்கயா என்று அழைக்கப்படும் நிலையத்தை வடிவமைத்துப் பெயர் பெற்றிருந்தார்.

அக்காலத்து ஆழ்நிலையங்களின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். அருகருகே மூன்று குழாய்களைப் புதைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஓரத்துக் குழாய்கள் இரண்டிலும் ரயில் நிற்கும். நடுக்குழாய் பயணிகளின் கூடம். குழாய்களுக்கு இடையே தடித்த சுவர்க்கட்டுகள் நிற்கும். அவற்றுக்கு நடுநடுவே வெட்டிய வழிகளில் நுழைந்துதான் நடைமேடைக்குப் போக முடியும். எவ்வளவு பளிங்கு பதித்தாலும் அந்தக் கட்டுகளின் கனம் மனத்தை விட்டுப் போகாது. மண்ணுக்கு அடியில் இருக்கிறோம் என்ற நினைவு கூடவே வந்துகொண்டிருக்கும்.

மயகோவ்ஸ்கயாவில் அந்தச் சுவர்க்கட்டுகள் இல்லை. அவற்றின் இடத்தில் இரண்டு வரிசை மெல்லிய தூண்கள் நிற்கின்றன. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிகிறது; ஒரு நடைமேடையில் நின்றுகொண்டு எதிர் நடைமேடையில் ரயில் வந்து நிற்பதைப் பார்க்கலாம். இவ்வளவு ஆழத்தில் தூண்களை நம்பி எழுப்பப்பட்ட முதல் நிலையம் இதுதான். இந்த நிலையத்தின் அழகு முழுவதும் அந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தது என்பது என் கருத்து. கூரையில் உள்ள, வண்ணச் சில்லுகளை அடுக்கிச் செய்த புகழ்பெற்ற மொசைக் ஓவியங்களும் அதற்குப் பிறகு வந்தவையே. சுவர் விலகி இடம் திறந்திராவிட்டால் யாரும் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அந்திவானம்

மறுப்பு இருக்கிறது. ஓவியங்களை ஏதோ மிச்ச இடத்தில் ஒட்டியவை போல எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

அங்கு நேரில் போய் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். நகரும் படிக்கட்டில் இறங்கிக் கூடத்துக்குள் நுழைந்ததும் ஓவியம் எதுவும் கண்ணில் படாது. கூரையில் வரிசையாக முட்டை வடிவக் குழிவுகள், ஒவ்வொன்றின் விளிம்பைச் சுற்றிலும் விளக்குகள், இவ்வளவுதான் தெரியும். ஒரு குழிவுக்கு நேர் கீழே வந்து நின்று தலையை நிமிர்த்தும்போதுதான் உள்ளே இருக்கும் படம் திறக்கிறது. நான் முதலில் பார்த்தது ஒரு பாராசூட்டை என்று நினைவு. அதன் வட்டக்குடை நம் தலைக்கு மேலேயே விரிந்திருக்க, அதற்கும் மேலே நீலம் ஆழ்ந்து போகிறது. இரண்டடி முன்னால் நகர்ந்தால் படம் விளிம்புக்குள் மறைந்துவிடும். அடுத்த குழிவுக்குப் போய் மறுபடி அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இதை எண்ணித்தான் ஓவியர் அலெக்சாந்தர் தெய்னேகா வரைந்தார். இன்றிருக்கும் 34 ஓவியங்களுக்கும் ஒரே பொருள், சோவியத் நாட்டு வானத்தின் ஒரு முழு நாள். விமானங்கள், கோலூன்றித் தாண்டும் விளையாட்டு வீரர், பனிச்சறுக்கில் பாய்கிறவர், பூத்த கிளைகள், புகைபோக்கிகள் என்று எல்லாமே கீழேயிருந்து மேலே பார்க்கும் கோணத்தில் அமைந்தவை. சுவரில் மாட்டும் ஓவியத்தைக் கூரைக்குத் தூக்கிக்கொண்டு போன வேலையல்ல இது. நிலத்துக்கு அடியில் நிற்கிறவனுக்கு மேலே மண் இருக்கிறது என்பதை மறக்கச் செய்ய வேண்டும் என்றால், மேலே வானம் இருக்க வேண்டும். அந்த வேலையைத் தூண் செய்யவில்லை, ஓவியந்தான் செய்தது. நீங்கள் சொல்லும் வெற்றிடம் மட்டும் இருந்திருந்தால் அது நல்ல சரக்குக் கிடங்காக இருந்திருக்கும்.

சுமைதாங்கி

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் இருவருக்கும் இடையில் நுழைகிறேன். வரைபலகை அவர்கள் சொன்னதில் சரியும் இருக்கிறது, எல்லோரும் செய்யும் ஒரு பிழையும் இருக்கிறது.

முதலில் சுமையைப் பார்ப்போம். ஈர மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2 டன் எடை இருக்கும். 33 மீட்டர் ஆழம் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரின் தலையிலும் 66 டன் என்று கணக்கு வரும். நடைமுறையில் இவ்வளவும் கூரைக்கு வந்து சேர்வதில்லை. தோண்டிய வெளிக்கு மேலுள்ள மண், தனக்குள் ஒரு வளைவைப் போல இறுகி, சுமையின் ஒரு பகுதியைப் பக்கங்களுக்குத் தள்ளிவிடும். ஆனால் நிலத்தடி நீர் அப்படி விட்டுக்கொடுக்காது. 10 மீட்டர் நீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற கணக்கில், நீர்மட்டம் மேலே இருந்தால் அந்த ஆழத்தில் மூன்று வளிமண்டலத்துக்கு அருகில் அழுத்தம் வரும்; எல்லாத் திசையிலிருந்தும் வரும்.

வட்டக் குழாய் இதையெல்லாம் இயல்பாகத் தாங்கும். வட்டத்தில் எங்கே அழுத்தினாலும் விசை வளையத்தோடு சுற்றி ஓடிவிடும். மூன்று குழாய்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நடுவில் தடித்த கட்டுகளை விட்டால் ஒவ்வொரு குழாயும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். தூண் நிலையத்தில் நாம் செய்வது என்னவென்றால், அந்த வட்டங்களின் பக்கங்களை அறுத்து, மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்து, அறுபட்ட இடத்தில் இறங்கும் சுமை முழுவதையும் நீளவாட்டில் ஓடும் உத்திரங்களின் மேல் ஏற்றி, அவற்றிலிருந்து தூண்களுக்கு இறக்குவது. அறுபட்ட வட்டம் வட்டமல்ல. அது சரியத்தான் பார்க்கும். கட்டும்போது எந்தப் பகுதியை எப்போது தோண்டுவது, எதை எப்போது முட்டுக்கொடுத்து நிறுத்துவது என்ற வரிசை ஒரு படி தவறினாலும் கதை முடிந்தது. அந்தத் துணிச்சலுக்கு முன்னால் தலை வணங்குகிறேன்.

இப்போது பிழை. நிலையத்தில் கண்ணைப் பறிக்கும் அந்த வரிவரியான பளபளப்பு எஃகு சுமை தாங்குவதில்லை. சுமை தாங்கும் எஃகுத் தூண் உள்ளே இருக்கிறது. வெளியே தெரிவது துருப்பிடிக்காத எஃகுத் தகட்டால் ஆன உறை. நம் வீட்டு அடுக்களையில் எவர்சில்வர் என்கிறோமே, அதே இனம். அந்தத் தகடுகளுக்கு வரிகள் கொடுத்து வளைத்தது, வாயு நிரப்பிப் பறக்கும் வான்கப்பல்களைக் கட்டும் தொழிற்சாலை ஒன்றில். பறக்கும் கப்பலுக்குப் பழகிய கைகள் பாதாளத் தூணுக்குச் சட்டை தைத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, எஃகின் நேர்மை, கட்டமைப்பின் உண்மை என்றெல்லாம் சிலர் எழுதும்போது சிரிப்பு வருகிறது. அது உண்மை போலத் தைக்கப்பட்ட நல்ல சட்டை.

எளியவாசகன்

மூவரும் எழுதியதைப் படித்தபின் ஒரு சின்னச் சந்தேகம். தூண் வைத்தால் இவ்வளவு திறப்பு கிடைக்கிறது என்றால், நம் கோயில்களின் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களே பார்வையை மறைக்கின்றனவே, அது ஏன்? தூண் திறக்குமா, மறைக்குமா?

சுமைதாங்கி

சின்னச் சந்தேகமாக எனக்குத் தோன்றவில்லை, நண்பரே. விடை கல்லுக்குள் இருக்கிறது. கருங்கல்லை மேலிருந்து நசுக்கினால் அசையாது. குறுக்கே படுக்க வைத்து நடுவில் பாரம் ஏற்றினால், அடிப்பக்கம் இழுபட்டுச் சட்டென்று விரிசல் விடும். அதனால்தான் கல் உத்திரத்தை நீளமாகப் போட முடியாது, தூணுக்குத் தூண் நெருங்கி நிற்க வேண்டும், மண்டபம் காடாகிறது. எஃகு இழுவிசையையும் தாங்கும் என்பதால் உத்திரம் நீளலாம், தூண்கள் விலகி நிற்கலாம், ஒவ்வொன்றும் மெலியலாம். மயகோவ்ஸ்கயாவில் தூண்களை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் எஃகு வளைவுகள் இணைக்கின்றன. நான்கு தூண்களுக்கு நடுவே உண்டாகும் சதுக்கத்தில்தான் அந்த முட்டை வடிவக் குழிவு உட்கார்கிறது. அந்திவானம் அவர்களின் வானத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தது இந்த வளைவுகளே என்பதை இங்கே அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் இப்படிக் கட்டவில்லை என்று அடுத்த கேள்வி வரும். எஃகு அதிகம் தேவை, வேலை நுணுக்கம் அதிகம், மண் கெட்டியாக இல்லாத இடத்தில் இடர் அதிகம். துஷ்கினே அதே 1938 இல் ப்ளோஷாத் ரெவல்யூத்சியி நிலையத்தைச் சுவர்க்கட்டு முறையில்தான் கட்டினார். வெண்கலச் சிலைகள் வரிசையாக உட்கார்ந்தும் குனிந்தும் இருக்குமே, அந்த நிலையம். வாசல் வளைவுகளின் ஓரத்தில் சிலைகளைக் குனிய வைத்ததற்குக் காரணமே சுவர்க்கட்டின் வடிவம் விட்ட இடம் அவ்வளவுதான் என்பது.

பழைய ஏடு

கட்டுமானத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. நிலையத்துக்கு மேலே உள்ள சதுக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். அதைச் சொல்லாமல் இந்த நிலையத்தின் வரலாறு நிறைவு பெறாது.

கவிஞர் மயகோவ்ஸ்கி 1930 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். 1935 இல் அந்தச் சதுக்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதிலிருந்து நிலையத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. நிலையத்தின் வாசல் தனிக் கட்டடமாக எழவில்லை. சதுக்கத்தின் மூலையில் ஒரு நாடக அரங்கு எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வாசலையும் அமைத்தார்கள். அந்த அரங்கு யாருக்காக என்பதுதான் செய்தி. நாடக இயக்குநர் மெயர்ஹோல்டுக்காக. மயகோவ்ஸ்கியின் நாடகங்களை மேடையேற்றியவர் அவர். 1938 ஜனவரியில் அவருடைய நாடகக் குழு மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கீழே மெட்ரோ திறந்தது. 1939 ஜூனில் அவர் கைது செய்யப்பட்டார். 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கட்டடம் அதே ஆண்டு சாய்கோவ்ஸ்கி இசையரங்கமாகத் திறக்கப்பட்டு இன்றும் அப்படியே இருக்கிறது. தன் அரங்கின் அடித்தளத்தில் ரயில் வாசல் திறந்ததைக் கண்டவர், அந்த அரங்கின் மேடையில் ஒருநாளும் ஏறவில்லை.

அடுத்தது போர்க்காலம். 1941 ஜூலையில் மாஸ்கோ மீது வான்தாக்குதல் தொடங்கியதும் மெட்ரோ நிலையங்கள் இரவுப் புகலிடங்களாயின. அக்டோபர் 16 அன்று காலையில் மெட்ரோ ஓடவேயில்லை. ஜெர்மானியப் படை நெருங்கியதால் அமைப்பையே அழித்துவிடும் ஏற்பாடு நடந்தது. அன்று மாலையே அந்த முடிவு மாற்றப்பட்டு ரயில் மீண்டும் ஓடியது. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 6 அன்று, புரட்சியின் 24 ஆம் ஆண்டு விழாக் கூட்டம் மயகோவ்ஸ்கயாவில் நடந்தது. ஸ்டாலின் ரயிலில் வந்து இறங்கிப் பேசினார். பேச்சு வானொலியில் ஒலிபரப்பானது. எதிர்ப்பக்கத் தடத்தில் நின்ற ரயில் பெட்டிகள் மேலங்கி வைக்கும் அறையாகவும் சிற்றுண்டிக் கூடமாகவும் பயன்பட்டன.

ஏன் இந்த நிலையம்? பாதுகாப்பு மட்டும் வேண்டுமென்றால் வேறு ஆழமான நிலையங்களும் இருந்தன. சுவர்க்கட்டு நிலையத்தில் பெருங்கூட்டத்தை உட்கார வைத்தால் பாதிப்பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வரைபலகை சொன்ன திறப்பு இங்கே வேறொரு வகையில் பயன்பட்டது.

கரிக்கோல்

எல்லோரும் ரசித்து எழுதுகிறீர்கள். என் பங்குக்குக் கொஞ்சம் கசப்பு.

1932, 33 ஆம் ஆண்டுகளில் சோவியத் நாட்டுக் கிராமங்களில் பஞ்சத்தால் மக்கள் மடிந்தார்கள். அதே ஆண்டுகளில் தலைநகரில் இந்தச் சுரங்கங்களைத் தோண்டினார்கள். கொம்சொமோல் என்ற கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பினர் ஆர்வத்துடன் வந்து உழைத்தார்கள் என்பது படத்தின் ஒரு பக்கம்; தண்ணீர் கொட்டும் குழிகளில், போதிய கருவியில்லாமல், குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற அதட்டலுக்குக் கீழே செய்த வேலை என்பது மறுபக்கம். நிலையம் திறந்த 1938, ஸ்டாலின் அரசு ஏராளமானோரைக் கைதுசெய்து கொன்ற பெரும் களையெடுப்பு நடந்துகொண்டிருந்த ஆண்டு. தெய்னேகாவின் வானத்தில் தெரியும் அந்தச் சிரித்த முகங்களை நான் அந்த ஆண்டை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டுமா? பழைய ஏடு அவர்கள் மெயர்ஹோல்டைப் பற்றிச் சொன்னதற்குப் பிறகு, தூண் மெலிதா தடிமனா என்ற விவாதமே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. விமானங்கள் நிறைந்த கூரையை வரைந்து மூன்றே ஆண்டுகளில், விமானங்களுக்கு அஞ்சி மக்கள் அதே கூரையின் கீழே படுத்துத் தூங்கினார்கள். இதைவிடப் பெரிய விமர்சனத்தை யாரும் எழுத முடியாது.

வரைபலகை

கரிக்கோல் அவர்களே, ஆண்டை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் விமானங்களைப் பற்றிய உங்கள் கடைசி வரி கொஞ்சம் எளிதாகக் கிடைத்த வரி என்று நினைக்கிறேன். 1930களில் விமானம் என்றால் எல்லா நாடுகளிலும் ஒரே நேரத்தில் கனவாகவும் குண்டாகவும் இருந்தது. தெய்னேகாவுக்கும் அது தெரியாததல்ல. அவருடைய கூரையில் இரவுப் பகுதியும் உண்டு. கிரெம்ளினின் ஸ்பாஸ்கயா கோபுரம் இருட்டில் நிற்கும் படத்தைக் கவலையற்ற படம் என்று என்னால் சொல்ல முடியாது.

மற்றபடி, அந்த அரசு இந்த நிலையத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது என்பதில் ஐயமே இல்லை. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் சோவியத் அரங்கத்துக்குள் மயகோவ்ஸ்கயாவின் ஒரு பகுதியை முழு அளவில் கட்டிக் காட்டினார்கள். அதற்குப் பெரும்பரிசும் கிடைத்தது. என் தலைமுறையில் பலருக்கு இந்த நிலையம் முதலில் தெரியவந்ததே, மலிவு விலையில் கிடைத்த சோவியத் தமிழ் நூல்களின் வழுவழுப்பான படத்தாள்களில்தான். அதில் நான் ஏமாந்தேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். படம் பொய் சொல்லவில்லை, படத்துக்கு வெளியே இருந்ததைச் சொல்லவில்லை என்ற இடத்தில் என் யோசனை நின்றுவிடுகிறது.

கற்றுக்கொள்வது இருதிசையிலும் நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாஸ்கோ மெட்ரோவைத் திட்டமிடும்போது லண்டன் நிலத்தடி ரயில்காரர்களின் ஆலோசனை பெறப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் லண்டன் நிலையங்களின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் ஹோல்டன், கான்ட்ஸ் ஹில் நிலையத்தின் கீழ்த்தளத்தில் இரு நடைமேடைகளுக்கு நடுவே பீப்பாய் வளைவுக் கூரையுடன் ஒரு நீண்ட கூடத்தை அமைத்தார். அது மாஸ்கோவைப் பார்த்து அமைத்தது என்பது வெளிப்படை. போர் குறுக்கிட்டதால் 1947 இல்தான் திறந்தது. இடையில் அந்தச் சுரங்கங்களில் விமான உதிரிப்பாகங்கள் செய்தார்கள். ஒரே காலத்தில் ஓரிடத்தில் கூட்டம், மற்றோரிடத்தில் தொழிற்சாலை.

சுமைதாங்கி அவர்கள் சொன்ன சட்டை விவகாரத்துக்கு ஒரு பதில். உறை சுமை தாங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் தூணை அது தடிமனாக்கிக் காட்டவில்லை. சுமை ஓடும் கோட்டிலேயே ஓடுகிறது. தூணிலிருந்து எழும் வரிகள் நிற்காமல் வளைவில் ஏறி மறுதூணில் இறங்குகின்றன. எங்கே பாரம் போகிறது என்பதைப் பொறியியல் படிக்காதவன் கண்ணுக்கும் காட்டும் சட்டை அது. அதைத் தைத்த தையல்காரருக்கு உடம்பு தெரிந்திருக்கிறது.

சுமைதாங்கி

உடம்பு தெரிந்த தையல்காரர் என்பதை ஏற்கிறேன். என் சிரிப்பைத் திரும்பப் பெறவில்லை.

அந்திவானம்

ஓவியங்களைச் செய்த கைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. தெய்னேகா வரைந்து கொடுத்தார். அவற்றை வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் ஆக்கியவர் லெனின்கிராடு மொசைக் பட்டறையின் தலைவர் விளாதிமிர் ஃப்ரலோவ். புரட்சிக்கு முன்பு அதே நகரில், இரத்தம் சிந்திய இடத்தில் எழுந்த மீட்பர் கோயிலின் மொசைக் வேலைகளைச் செய்த பட்டறை அவருடையது. ஜார் காலத்துத் தேவாலயத்தில் புனிதர்களின் முகத்துக்குச் சில்லு அடுக்கிய கை, சோவியத் காலத்தில் பாராசூட்டுக்கு அடுக்கியது.

அவர் கையாண்டது தலைகீழ் முறை. ஓவியத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றித் தாளில் வரைந்து, சில்லுகளை முகம் கீழாக அதன்மேல் ஒட்டி, முதுகில் சிமென்ட் ஊற்றி, இறுகியபின் பலகையாக எடுத்துக்கொண்டு போய்க் கூரையில் பொருத்தித் தாளை நீக்குவது. வேலை செய்கிறவர் கடைசி நாள் வரை படத்தின் முதுகை மட்டுமே பார்க்கிறார். மாஸ்கோவில் கூரையேறும் ஓவியத்தை லெனின்கிராடில் இருந்தபடி செய்ய முடிந்தது இந்த முறையால்தான். கண்ணாடிச் சில்லு என்பதால் நிறம் மங்குவதில்லை. விளிம்பு விளக்குகளின் ஒளி ஒவ்வொரு சில்லிலும் சற்றே வேறு கோணத்தில் பட்டுத் திரும்புவதால், நாம் தலையை அசைக்கும்போது வானமும் அசைகிறது. வர்ணம் பூசிய கூரையில் இது நடக்காது.

பின்னாளில் லெனின்கிராடு ஜெர்மானியப் படையின் முற்றுகையில் சிக்கியபோதும் ஃப்ரலோவ் நகரைவிட்டுப் போகவில்லை. தெய்னேகா இன்னொரு நிலையத்துக்கு வரைந்திருந்த ஓவியங்களைப் பசியிலும் குளிரிலும் முடித்தார். 1942 இன் தொடக்கத்தில் இறந்தார். அந்தப் பலகைகள் முற்றுகையைத் தாண்டி மாஸ்கோவுக்கு வந்து, 1943 நவம்பரில் திறந்த நவகுஸ்னெத்ஸ்கயா நிலையத்தின் கூரையில் ஏறின. கரிக்கோல் அவர்களின் கூச்சம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கூரைகளைப் பார்க்கும்போது அரசை மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

தொடர்வண்டி

நான் ரயில் பயணி மட்டுமே. பயணியின் பக்கத்திலிருந்து இரண்டு சொற்கள்.

இந்த நிலையத்துக்கு 1938 முதல் 2005 வரை ஒரே ஒரு வாசல்தான். அறுபத்தேழு ஆண்டுகள்! அழகான நீண்ட கூடம், ஆனால் கூட்டம் முழுவதும் அதன் ஒரு முனையை நோக்கித்தான் நகர வேண்டும். 2005 இல் மறுமுனையில் இரண்டாம் வாசலைத் திறந்தார்கள். அதன் கூரையில் இவான் லுபென்னிகோவ் என்ற ஓவியர் மேகங்களோடு கூடிய வானத்தையும் நடுநடுவே மயகோவ்ஸ்கியின் கவிதை வரிகளையும் மொசைக்கில் அமைத்தார். கவிஞரின் பெயரைத் தாங்கிய நிலையத்தில் கவிதை வரிகள் கூரையேற இத்தனை காலம் ஆயிற்று. சிலருக்கு அது பழையதோடு ஒட்டவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. படிக்கட்டில் ஏறிப்போகிறவன் அண்ணாந்து வாசிக்க ஏதோ இருக்கிறது.

இன்னொன்று, அங்கு போகிறவர்கள் எல்லோரும் செய்யும் விளையாட்டு. வளைவுகளின் வரிப்பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்து ஓங்கித் தள்ளிவிட்டால், அது பள்ளத்தோடு கூரைவரை ஏறி, வளைந்து, மறுபக்கத் தூணில் இறங்கி வரும். நான் நான்கு முறை முயன்றேன். மூன்று முறை பாதியில் விழுந்து காலடியில் உருண்டது. நான்காம் முறை எதிர்த்தூணில் காத்திருந்த ஒரு சிறுமி அதைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் திருப்பிக் கொடுக்காமல் ஓடிவிட்டாள். வரைபலகை சொன்னாரே, சுமை ஓடும் கோட்டிலேயே சட்டையின் வரியும் ஓடுகிறது என்று. அதைக் காசைக் கொடுத்துக் கற்றேன்.

சுமைதாங்கி

வாசலைப் பற்றிச் சொன்னது முக்கியமான குறை. ஆழ்நிலையத்தில் சாய்வுச் சுரங்கம் தோண்டுவதுதான் மிகவும் தொல்லையான வேலை. நீரோடும் மண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அதற்காகச் சுற்றியுள்ள ஈர மண்ணைக் குழாய்வழி குளிர்நீர்மம் செலுத்தி உறையவைத்துக் கட்டியாக்கி, அதற்குள் தோண்டுவார்கள். உருகும்போது மண் மீண்டும் இளகி இறங்கும். இயங்கிக்கொண்டிருக்கும் நிலையத்தின் தலைமேல், நகரின் நடுச்சதுக்கத்துக்கு அடியில், இந்த வேலையை யாரும் விரும்பித் தொடங்க மாட்டார்கள்.

நிலையத்துக்குப் பின் வந்த காலத்தையும் சொல்லி முடிக்கிறேன். 1955 நவம்பரில், ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவ் காலத்து அரசு, கட்டடங்களில் மிகைகளை ஒழிப்பது என்று ஆணை பிறப்பித்தது. அதன்பின் மெட்ரோவில் முன்கூட்டியே வார்த்து வைத்த சிமென்ட் பாகங்களைக் கொண்டு, மேலிருந்தே பள்ளம் வெட்டி, ஆழம் குறைந்த நிலையங்களை வரிசையாகக் கட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு நாற்பது என இரு வரிசைச் சதுரத் தூண்கள் நிற்கும் அவற்றுக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் பூரான். ரஷ்ய மொழியில் அந்தப் பூச்சியின் பெயரே நாற்பது காலி என்று பொருள்படும். மாஸ்கோவாசிகள் பலர் அன்றாடம் இறங்கி ஏறுவது இத்தகைய நிலையங்களில்தான். அவற்றைக் கட்டாமல் இருந்திருந்தால் நகரத்தின் ஓரத்துக் குடியிருப்புகளுக்கு மெட்ரோ போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே பூரானை யாரும் இகழ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கரிக்கோல்

பூரானுக்கு என் ஓட்டு. மற்றவற்றில் நான் அசையவில்லை; ஆனால் ஃப்ரலோவைப் பற்றி எனக்குத் தெரியாது. எழுதியதற்கு நன்றி, அந்திவானம்.

எளியவாசகன்

அடுத்த ஆண்டு அங்கே போகும் வாய்ப்பு வரும் போலிருக்கிறது. ஓவியங்களை எந்த முனையிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்? பழைய வாசல் வழியாகவா, புதிய வாசல் வழியாகவா? நாள் தலைகீழாக ஓடிவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன்.

அந்திவானம்

எந்த வாசலில் இறங்கினாலும் பரவாயில்லை. வரிசை காலையில் தொடங்கிப் பகலாகி, கூடத்தின் நடுப்பகுதியில் இரவாகி, மறுமுனையில் மறுபடி காலையாகிறது. அலுவலக நேரத்தில் மட்டும் போகாதீர்கள். நடுக்கூடத்தில் அண்ணாந்து நிற்கிறவரை மாஸ்கோக்காரர்கள் இடித்துக்கொண்டுதான் போவார்கள்.